கொடி பாட்டும் கடுதாசி பாட்டும்

1944ல அமெரிக்காவுல ஜூக்பாக்ஸ்ல காசு போட்டு காசு போட்டு ஜனங்க கேட்ட ஒரு பாட்டு இருக்கு, 'சோல்ஜர்ஸ் லாஸ்ட் லெட்டர்'னு பேரு, பாடினது எர்னஸ்ட் டப். கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. தபால்காரர் லெட்டர் கொண்டுவந்து குடுக்கறார், பையன்கிட்ட இருந்து வந்திருக்குன்னு அம்மாவுக்கு தலைகால் புரியல, பிரிச்சுப் படிக்கறா. பையன் பதுங்குகுழிக்குள்ள உக்காந்து எழுதறான். எழுத்து கோணல்மாணலா இருக்கும்மா திட்டாத, சின்னப் பையனா இருந்தப்ப சேத்துக்காலோட வீட்டுக்குள்ள வந்தா திட்டுவியே அந்த மாதிரி திட்டாதங்கறான். அப்புறம் கேப்டன் ஆர்டர் குடுத்துட்டாரு, கிளம்பணும், நேரம் கிடைச்சதும் இதை எழுதி முடிக்கறேன்னு சொல்றான். அவ்ளோதான் லெட்டர்.

அம்மா கீழ பாக்கறா, கையெழுத்து இல்ல.

தந்தி வரல, ஆபீசர் வீட்டு வாசல்ல வந்து நிக்கல, துப்பாக்கி சத்தம் ஒண்ணு கூட பாட்டுல இல்ல. எப்படி செத்தான் எங்க செத்தான் எதுவும் கிடையாது. கடுதாசியோட அடியில பேரு இருக்கவேண்டிய எடம் காலியா இருக்கு, அதை வச்சே அவளுக்குப் புரிஞ்சு போகுது. மூணு நிமிஷத்துக்குள்ள இதை சொல்லி முடிக்கணும்னா எவ்ளோ எழுத்து தெரிஞ்சிருக்கணும் பாருங்க. கடைசில ஒரு சரணத்துல அந்த அம்மா மண்டிபோட்டு மத்த எல்லா பையன்களையும் காப்பாத்து சாமி, அமெரிக்காவையும் சுதந்திரமா வையின்னு வேண்டிக்கறா, அந்த ஒரு வரியில மட்டும் கொடி எட்டிப் பாக்குது. அது இல்லாமலே பாட்டு நல்லாதான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணும், ஆனா 1944ல அது இல்லாம வெளியிட்டிருப்பாங்களாங்கறது வேற விஷயம்.

இதை எழுதினவர் ரெட் ஸ்டூவர்ட். அவரே அப்ப பட்டாளத்துல, பசிபிக் பக்கம் இருந்தவர். இந்தப் பேரை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வருவார்.

நான் அந்தக் காலத்து கன்ட்ரி பாட்டுங்களை (அமெரிக்காவோட தெற்கத்தி கிராமத்து ஜனங்க பாட்டு), அதாவது 1940லேருந்து 1955 வரைக்கும்னு வச்சுக்கங்களேன், ரொம்ப நாளா கேட்டுட்டு வரேன். கேக்கக் கேக்க ஒண்ணு தெளிவாச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரெண்டு விதமா பாட்டு வந்துச்சு. ஒண்ணு கொடி பாட்டு. இன்னொண்ணு கடுதாசி பாட்டு. கொடி பாட்டுதான் அப்ப பெருசா வித்துச்சு, பேப்பர்ல வந்துச்சு. இன்னிக்கு அதைக் கேக்க ஆள் இல்ல. கடுதாசி பாட்டு அப்படியே நிக்குது. நம்பலைன்னா பாருங்க, 1971ல, வியட்நாம் போர் நடக்கறப்ப, மெர்ல் ஹாகார்ட் இதே 'சோல்ஜர்ஸ் லாஸ்ட் லெட்டர்' பாட்டை எடுத்துப் பாடி திரும்பவும் ஹிட் ஆச்சு. கொடி பாட்டுங்களுக்கு அந்த மாதிரி ஒரு மறுபிறவி கிடைச்சதா நான் பாக்கல.

கொடி பாட்டுலயும் ரகம் இருக்கு, எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டக்கூடாது. 1942ல எல்டன் பிரிட்னு ஒருத்தர் பாடினது, எங்கயோ ஒரு எடத்துல நம்ம கொடி பறந்துட்டு இருக்குன்னு போற பாட்டு, அதுல பேசறவன் கால் ஊனமான ஒரு மலைக்கிராமத்துப் பையன், என்னையும் சண்டைக்கு சேத்துக்கங்கன்னு கெஞ்சறான். பத்து லட்சத்துக்கு மேல இசைத்தட்டு வித்துச்சு, கன்ட்ரி பாட்டுக்குன்னு குடுத்த மொத தங்கத்தட்டு இதுக்குத்தான். இதுல ஒரு ஆள் இருக்கான், அதனால கொஞ்சம் பொறுத்துக்கலாம். ஆனா 1944ல ரெட் ஃபோலி பாடின 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கேளுங்க (தேடினா டீப் பர்ப்பிளோட 1972 ராக் பாட்டுதான் மொதல்ல வந்து நிக்கும், அதுக்கும் இதுக்கும் பேரைத் தவிர சம்பந்தமே இல்ல), ஜப்பான் முழுக்க எரிஞ்சு சாம்பலாகி கழுகு மட்டும்தான் அங்க குடியிருக்கும்னு சந்தோஷமா தாளம் போட்டுப் பாடறாங்க. 13 வாரம் நம்பர் ஒன். அடுத்த வருஷம் ஹிரோஷிமாவுல நிஜமாவே அது நடந்துச்சு. அதுக்கப்புறம் இந்தப் பாட்டை எப்படிக் கேக்கறது? நான் முழுசா ஒரு தடவை கேட்டேன், போதும்.

டெக்சஸ் ஸ்விங் ராஜா பாப் வில்ஸும் இந்தப் பாட்டைப் பாடினாரு, ஜப்பான்ல ஐவோ ஜீமா தீவுல அமெரிக்கப் பட்டாளம் கொடி ஏத்தினதைப் பத்தியும் ஒண்ணு பாடினாரு, ரெண்டும் நம்பர் ஒன் ஆச்சு. ஆனா பாப் வில்ஸ்னா எல்லாரும் கேக்கறது 1940ல பண்ணின 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்'தான்.

இந்தப் பாட்டெல்லாம் எப்படி நாடு முழுக்கப் போச்சுங்கற கதை பாட்டை விட சுவாரசியம். போருக்கு முன்னாடி இதை 'ஹில்பில்லி' மியூசிக்னுதான் சொல்லுவாங்க, பட்டிக்காட்டான் பாட்டுன்னு அர்த்தம் வச்சுக்கங்க. நியூயார்க்ல உக்காந்துட்டு பாட்டு வியாபாரம் பண்ணவங்க திரும்பிக்கூட பாக்கமாட்டாங்க. அப்புறம் ரெண்டு மூணு விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா நடந்துச்சு. தெற்கத்தி மாநிலங்கள்லேருந்து லட்சக்கணக்குல ஜனங்க போர் தளவாட ஃபேக்டரி வேலைக்கு டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ்னு கிளம்பிப் போனாங்க. போனவங்க பாட்டையும் கூட்டிட்டுப் போனாங்க. இன்னொரு பக்கம் பட்டாளம். நியூயார்க்காரனும் அலபாமாகாரனும் ஒரே பாரக்ஸ்ல பக்கத்து பக்கத்து கட்டில்ல படுத்தாங்க, அலபாமாகாரன் கிட்டார் வச்சிருந்தான். நாஷ்வில்லேருந்து ரேடியோல வர்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி'ங்கற பாட்டு நிகழ்ச்சி ஆளுங்க 1941, 42ல ஒரு சிகரெட் கம்பெனி காசுல 'கேமல் கேரவன்'னு வண்டி கட்டிட்டு ராணுவ முகாம் முகாமா போய் பாடினாங்க, பீ வீ கிங், மின்னி பெர்ல், அப்ப சின்னப் பையனா இருந்த எடி ஆர்னால்ட் எல்லாரும் அதுல இருந்தாங்க. சிகரெட்டை இலவசமா வீசுவாங்களாம். எந்தக் கம்பெனிக்கு எது லாபம்னு யோசிச்சா கொஞ்சம் கசக்கும்.

மூணாவது ஒரு சண்டை, சட்ட சண்டை. பாட்டு எழுதறவங்களோட ராயல்டி வசூல் பண்ற அஸ்காப்ங்கற சங்கம் ரேட்டை ஏத்தினதும், ரேடியோகாரங்க 1941 ஜனவரிலேருந்து அவங்க பாட்டையே போடமாட்டோம்னு நிறுத்திட்டாங்க. அப்ப ரேடியோல போட பாட்டு வேணுமே? ரேடியோகாரங்களே ஆரம்பிச்ச பிஎம்ஐங்கற போட்டி சங்கம், இதுவரைக்கும் யாரும் சேத்துக்காத ஹில்பில்லி, ப்ளூஸ் ஆளுங்களையெல்லாம் சேத்துக்கிச்சு. பட்டிக்காட்டுப் பாட்டுக்கு மொத தடவையா ஒழுங்கா காசு வர ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமே ராய் அகஃபும் ஃப்ரெட் ரோஸும் சேந்து நாஷ்வில்ல அகஃப் ரோஸ்னு பாட்டு பதிப்பகம் தொறந்தாங்க. ராய் அகஃப் அப்ப ஆப்ரியோட பெரிய நட்சத்திரம், ஃப்ரெட் ரோஸ் சினிமாவுக்கும் பாப் பாட்டுக்கும் எழுதிட்டு இருந்த கைதேர்ந்த ஆளு. நாஷ்வில் இன்னிக்கு மியூசிக் ஊரா இருக்கறதுக்கு அடிக்கல் இதுதான்.

ஆனா அதே சண்டையில ஒருத்தர் தெருவுக்கு வந்தார். டிஃபோர்ட் பெய்லி. கருப்பினத்தவர், மவுத் ஆர்கன்ல ரயில் வர்ற சத்தத்தை அச்சு அசலா கொண்டுவருவார், ஆப்ரியோட ஆரம்பகால நட்சத்திரங்கள்ல ஒருத்தர். 1927ல அவர் வாசிச்சு முடிச்ச கையோடதான் அந்த நிகழ்ச்சிக்கே 'கிராண்ட் ஓல் ஆப்ரி'ங்கற பேரு மைக்ல வந்துச்சு. 1941ல அவரை நீக்கிட்டாங்க. அவர் வழக்கமா வாசிக்கற பாட்டெல்லாம் அஸ்காப் பாட்டு, புதுசா கத்துக்க மாட்டேங்கறாருன்னு காரணம் சொன்னாங்க. அப்புறம் அவர் நாஷ்வில்லயே ஷூ பாலிஷ் கடை வச்சு பிழைச்சார். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல அவர் பேரை சேத்தது 2005ல, அவர் செத்து 23 வருஷம் கழிச்சு. வெள்ளைக்கார ஏழைங்களோட பாட்டு கடைசில மேல வந்துடுச்சுன்னு இந்தக் காலத்தைக் கொண்டாடி எழுதறவங்க நிறைய பேர் இந்த ஆளைத் தாண்டிப் போயிடறாங்க, அதான் எழுதறேன்.

இப்ப நம்ம ஊருக்கு சம்பந்தம் உள்ள ஒரு விஷயம். அப்ப வந்த 78 ஆர்பிஎம் தட்டு எல்லாம் அரக்குல பண்ணது. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவுலேருந்துதான் போச்சு, சோட்டா நாக்பூர் பக்கம், இப்ப ஜார்க்கண்ட். அங்க குசும், பலாச மரக்கிளைங்கள்ல ஒரு குட்டிப் பூச்சி கக்கற பிசினை காட்டுவாசி ஜனங்க சுரண்டி எடுத்து வித்தாங்க, அது உருகி, ஓடாகி, கல்கத்தாவுல கப்பல் ஏறி, அமெரிக்காவுல தட்டாகி, டெக்சஸ்ல ஏதோ ஒரு சாராயக்கடை ஜூக்பாக்ஸ்ல எர்னஸ்ட் டப் பாட்டா சுத்திச்சு. போர் வந்ததும் அரக்கு ராணுவத்துக்கும் வேணும், கப்பலும் கிடைக்கல. 1942 ஏப்ரல்ல அமெரிக்க அரசு தட்டு கம்பெனிங்களோட அரக்கு உபயோகத்தை 70 சதவீதம் வெட்டிடுச்சு. பழைய தட்டைக் கொண்டு வந்து குடுங்க, உருக்கி புதுசு பண்றோம்னு கம்பெனிங்க ஜனங்ககிட்ட கேக்க ஆரம்பிச்சுது. அந்த உருக்குல எத்தனை நல்ல பாட்டு போச்சோ.

அது போதாதுன்னு அதே வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி இசைக்கலைஞர் சங்கம் ஸ்ட்ரைக். ஜேம்ஸ் பெட்ரிலோ தலைவர். தட்டு வந்ததால எங்க ஆளுங்களுக்கு கச்சேரி இல்ல, அதனால யாரும் ரெக்கார்டிங்குக்கு போகக்கூடாதுன்னு. டெக்கா கம்பெனி ஒரு வருஷத்துல சமாதானமாச்சு, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரைக்கும் இழுத்துட்டாங்க. இந்த நடுவுல பெட்டியில முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருந்த தட்டை எடுத்து எடுத்து விட்டாங்க. அல் டெக்ஸ்டரோட 'பிஸ்டல் பாக்கிங் மாமா' 1942 மார்ச்ல பதிவு பண்ணது, 43ல நாடே பாடுச்சு. துப்பாக்கி வச்சிருக்கற பொண்டாட்டி புருஷனைத் தேடி சாராயக்கடைக்கு வர்ற கதை, அடேயப்பா அந்த சமயத்துல அது ஒரு பைத்தியம். பில்போர்டு பத்திரிகை 1944 ஜனவரில ஹில்பில்லி பாட்டுக்குன்னு மொத மொதலா ஜூக்பாக்ஸ் வரிசை ஆரம்பிச்சப்ப நம்பர் ஒன் இந்தப் பாட்டுதான், ஆனா டெக்ஸ்டர் பாடினது இல்ல, பிங் க்ராஸ்பி பாடின காப்பி. பட்டணத்துக்காரன் வந்து மொத மரியாதை வாங்கிட்டுப் போயிட்டான்.

டெட் டாஃபனோட 'நோ லெட்டர் டுடே'யும் அப்படி ஸ்ட்ரைக்குக்கு முன்னாடி பதிவானதுதான். இன்னிக்கும் லெட்டர் இல்லங்கறது மட்டும்தான் பாட்டு. அது காதலிக்காக காத்திருக்கறவன் பாட்டு, போரைப் பத்தி இல்லவே இல்ல. ஆனா 1943ல அதை யாரு கேட்டாங்க? தினம் வாசலைப் பாத்துட்டு இருந்த வீடுங்க கேட்டுச்சு. தட்டோட மறுபக்கம் 'பார்ன் டு லூஸ்', தோக்கறதுக்குன்னே பொறந்தேன்னு. ஒரு தட்டுக்கு ரெண்டு பக்கமும் இப்படி அழுகை, பத்து லட்சத்தைத் தாண்டி வித்துச்சு. போர் நடக்கற நாட்டுல, ஜெயிப்போம் ஜெயிப்போம்னு போஸ்டர் ஒட்டின நாட்டுல.

கடுதாசிக்கு அப்ப என்ன மதிப்புன்னு தெரியணும்னா வி மெயில் பத்தி சொல்லணும். கடல் தாண்டி லெட்டர் மூட்டை அனுப்ப கப்பல்ல எடம் இல்லன்னு, எழுதின தாளை ஃபோட்டோ புடிச்சு மைக்ரோ ஃபிலிம்ல அனுப்பி அந்தப் பக்கம் சின்னதா பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணரை லட்சம் லெட்டர், 37 மூட்டை வரவேண்டியது ஒரே மூட்டையில அடங்கிச்சு. நகம் அளவு படமா கடல் தாண்டின கையெழுத்தை அந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் படிச்சாங்க.

எங்கப்பா மிலிட்டரில இருந்தவர். வேலூர் பக்கம் எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் அப்படித்தான். 56 ஏபிஓன்னு அட்ரஸ் போட்ட இன்லண்ட் லெட்டர் வரும், அதை அம்மா எல்லாரும் இருக்கறப்ப ஒரு தடவையும் யாரும் இல்லாதப்ப ஒரு தடவையும் படிக்கும். உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது, நான் நலம், மாட்டுக்கு ஊசி போட்டாச்சா, பெரியவன் படிக்கறானா. கடைசில அவர் பேரு, நம்பரோட. டப் பாடின அந்தப் பாட்டை நான் மொத தடவை கேட்டப்ப, கையெழுத்து இல்லங்கற எடத்துல எனக்கு அந்தப் பேரும் நம்பரும்தான் ஞாபகம் வந்துச்சு. இங்கிலீஷ் பாட்டுன்னே தோணல.

1945ல ஜீன் ஆட்ரி பாடின 'அட் மெயில் கால் டுடே' இன்னொரு பக்கம். இது முகாம்ல லெட்டர் குடுக்கற நேரம். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, இவனையும் கூப்பிடறாங்க, சந்தோஷமா வாங்கறான், பிரிச்சா அவ வேற ஒருத்தனோட போயிட்டா. 8 வாரம் நம்பர் ஒன். ஜீன் ஆட்ரி சினிமா கவ்பாய், அப்பவே பெரிய பணக்காரர், 1942ல தன்னோட ரேடியோ நிகழ்ச்சியிலயே நேரலையில பட்டாளத்துல சேந்தார். அது விளம்பரம்தான்னு வச்சுக்கிட்டாலும், அப்புறம் நிஜமாவே ராணுவ சரக்கு விமானம் ஓட்டினார். அதனால அவர் பாடறப்ப கொஞ்சம் நம்பலாம்னு பட்டாளத்துக்காரங்களுக்கும் தோணியிருக்கும்.

எர்னஸ்ட் டப் பத்தி ஒரு வார்த்தை. அவருக்கு நல்ல குரல் கிடையாது. சும்மா சொல்லல, ஸ்ருதி அங்கங்க கீழ இறங்கும், அது அவருக்கே தெரியும். சாராயக்கடையில உக்காந்திருக்கறவன் என் தட்டைப் போட்டுட்டு இவனை விட நான் நல்லா பாடுவேன்னு பக்கத்துல இருக்கற பொண்ணுகிட்ட சொல்லிக்கலாம், அதான் என் வெற்றின்னு சொல்லுவாராம். 1941ல 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பண்ணப்ப எலெக்ட்ரிக் கிட்டார் சேத்தார், அதுக்குக் காரணம் கலை இல்ல. சாயங்காலம் கூட்டம் ஏறினதும் உங்க தட்டு ஜூக்பாக்ஸ்ல கேக்கவே மாட்டேங்குதுன்னு டெக்சஸ் ஜூக்பாக்ஸ்காரங்க புகார் சொன்னாங்க. சத்தம் வேணும்னு சேத்த கிட்டார்தான், ஹாங்கிடாங்க்னு (சாதாரண சாராயக்கடைன்னு அர்த்தம்) இன்னிக்கு சொல்ற பாணிக்கே அடையாளமாச்சு. 1947ல நியூயார்க்ல பெரிய சங்கீத மண்டபமான கார்னகி ஹால்ல பாடப் போனப்ப மேடையிலேருந்து அந்த மண்டபத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, இதுக்குள்ள எவ்ளோ வைக்கோல் போடலாம்னாராம். கிட்டாருக்குப் பின்னாடி பெருசா 'தேங்க்ஸ்'னு எழுதி வச்சிருப்பார், பாட்டு முடிஞ்சதும் திருப்பிக் காட்டுவார். எனக்கு ரொம்ப பிடிச்ச மனுஷன்.

போர் முடிஞ்சுது. டப்பே 'ரெயின்போ அட் மிட்நைட்' பாடினார், கப்பல்ல திரும்பி வர்றவன் நடுராத்திரில கடல் மேல வானவில் பாக்கறான், வீடு, கல்யாணம், குழந்தைன்னு கனவு. 1947 ஜனவரில நம்பர் ஒன். நிஜத்துல என்னாச்சு? 1946ல அமெரிக்காவுல விவாகரத்து அதுவரைக்கும் இல்லாத உச்சத்துக்குப் போச்சு. அவசரமா பண்ணின கல்யாணம், மூணு நாலு வருஷம் பிரிவு, திரும்பி வந்தா ரெண்டு பேருமே வேற ஆளு. அதுவரைக்கும் கன்ட்ரி பாட்டுல அம்மா, மலை, ரயில், சாமி, சாவுன்னு போயிட்டு இருந்தது, இப்ப குடியும் கள்ளக்காதலும் உள்ள வந்துச்சு. 1949ல ஃப்ளாய்ட் டில்மன் 'ஸ்லிப்பிங் அரவுண்ட்'னு, திருட்டுத்தனமா பாத்துக்கற ரெண்டு பேரோட பாட்டைப் பண்ணார். இதுல ஒழுக்கப் பாடம் ஒண்ணும் கிடையாது, மாட்டிக்குவமோங்கற பயம் மட்டும்தான் இருக்கு.

இதுல உச்சம் 1952. ஹாங்க் தாம்சன் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாடினார். விட்டுட்டுப் போன பொண்டாட்டியைப் பாத்து, உன்னை மாதிரி ஹாங்கிடாங்க் தேவதைங்களை கடவுளே அப்படித்தான் படைச்சிருக்கார்னு தெரியாமப் போச்சேங்கறார். 15 வாரம் நம்பர் ஒன். போர் சமயத்துல ஃபேக்டரில ரிவெட் அடிச்சுட்டு சம்பளம் வாங்கிட்டு இருந்த பொம்பளைங்களை வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பின நாடு, அதுல ஆம்பளை வந்து தப்பெல்லாம் உன்மேலதான்னு பாடினா கைதட்டாம என்ன பண்ணும். அப்புறம் வந்துச்சு எசப்பாட்டு. கிட்டி வெல்ஸ், 30 வயசு தாண்டின, குழந்தைங்க உள்ள அம்மா, பாட்டெல்லாம் போதும் வீட்டோட இருக்கலாம்னு நினைச்சுட்டு இருந்தவங்க. பதிவுக்கு வந்தா சங்க ரேட்டு 125 டாலர் கிடைக்கும்னுதான் வந்தாங்க. பாட்டு என்ன சொல்லுதுன்னா, ஹாங்கிடாங்க் தேவதைங்களை கடவுள் படைக்கலப்பா, கல்யாணம் ஆனதை மறந்துட்டு திரியற ஆம்பளைங்க நீங்கதான் படைச்சீங்க. என்பிசி ரேடியோ தடை பண்ணுச்சு. ஆப்ரி மேடையிலயும் மொதல்ல விடல. ஹாங்க் தாம்சன் பாட்டை இதே ரேடியோதான் காலையும் மாலையும் போட்டுச்சு, அதுல ஆபாசம் இல்லையாம். தடையை மீறி நம்பர் ஒன் ஆச்சு, கன்ட்ரி வரிசையில தனியா பாடி நம்பர் ஒன் வந்த மொத பொம்பளை அவங்கதான்.

கேக்கறப்ப கவனிங்க, அவங்க கோபமாவே பாடமாட்டாங்க. குரல் ஏறாது. சர்ச்ல பாடற மாதிரி நேரா நின்னு, மூக்கால, வருத்தமா. அதான் அவ்ளோ குத்துச்சு. அந்த மெட்டு தாம்சன் பாட்டோட மெட்டேதான், சரி எசப்பாட்டுன்னா அப்படித்தானேம்பீங்க, ஆனா அது தாம்சனோடதும் இல்ல. 1936ல ராய் அகஃப் 'கிரேட் ஸ்பெக்கிள்ட் பர்ட்'னு பக்திப்பாட்டா பாடினது அதே மெட்டு. அதுக்கும் முன்னாடி 1929ல கார்ட்டர் ஃபேமிலி நீலக்கண்ணு காதலனை நினைச்சுப் பாடினதும் அதே மெட்டு. காதல், பக்தி, வசவு, பதில் வசவு, நாலுக்கும் ஒரே ட்யூன், நாலும் ஹிட். காப்பிரைட் வக்கீலுக்கு தலை சுத்தும்.

ஹாங்க் வில்லியம்ஸ் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதனால சுருக்கமா. பொறக்கறப்பவே முதுகெலும்புல கோளாறு, அதனால பட்டாளத்துக்கு எடுக்கல, போர் சமயத்துல அலபாமாவுல மொபீல்ங்கற ஊர்ல கப்பல் கட்டற எடத்துல விட்டு விட்டு வேலை பாத்தார். கிட்டார் சொல்லிக் குடுத்தது ரூஃபஸ் பெய்ன்னு ஒரு கருப்பினத் தெருப்பாடகர். 1949 ஜூன் 11 ஆப்ரியில 'லவ்சிக் ப்ளூஸ்' பாடினப்ப திரும்ப பாடு திரும்ப பாடுன்னு விடல. 1952 ஆகஸ்ட்ல குடியால அதே ஆப்ரி வெளிய அனுப்பிச்சு. 1953 ஜனவரி 1, ஒஹாயோ கச்சேரிக்குப் போற வழியில கார் பின்சீட்ல செத்துக்கிடந்தார், 29 வயசு. அப்ப கடைகள்ல வித்துட்டு இருந்த அவரோட புது தட்டு, இந்த உலகத்தை விட்டு உயிரோட போகமாட்டேன்னு ஒரு கிண்டல் பாட்டு. 'ஐயம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' மட்டும் தனியா கேளுங்க. பறவை, ரயில், மேகத்துக்குப் பின்னாடி போற நிலா, விழற நட்சத்திரம், ஏன் தனிமைன்னு கடைசி வரைக்கும் காரணம் சொல்லமாட்டார். அவர் குரல் தணிவா இருக்கறதால, டான் ஹெல்ம்ஸ் ஸ்டீல் கிட்டாரை மேல் ஸ்தாயியில வாசிப்பார், ரெண்டும் முட்டிக்காது. ஒருத்தர் பேசாம நிக்க இன்னொருத்தர் அழற மாதிரி இருக்கும்.

கடுதாசிக்கு திரும்ப வரேன். மெர்ல் ட்ராவிஸ், கென்டக்கி நிலக்கரி ஊர்க்காரர், கலிஃபோர்னியாவுல கிட்டார் வாசிச்சுட்டு இருந்தார். தட்டு கம்பெனி நாட்டுப்புறப் பாட்டு ஆல்பம் ஒண்ணு வேணும்னுச்சு. தெரிஞ்ச நாட்டுப்புறப் பாட்டையெல்லாம் வேற ஆளு பாடிட்டாரேன்னார். அப்ப நீயே எழுதுன்னாங்க. நாட்டுப்புறப் பாட்டை ஆர்டருக்கு எழுதினார்! அதுல ஒண்ணு 'சிக்ஸ்டீன் டன்ஸ்', 1946ல பதிவாச்சு. பதினாறு டன் அள்ளிப்போட்டு என்ன கண்டேன், ஒரு நாள் வயசாச்சு கடன் ஏறிச்சுங்கற அந்த பல்லவி அவங்க அண்ணன் எழுதின லெட்டர்லேருந்து வந்துச்சு. சாகக்கூட முடியாது, கம்பெனி கடைக்கு என் உயிரே பாக்கிங்கறது அவங்கப்பா சுரங்கத்துலேருந்து வந்து சொல்ற பேச்சு. சுரங்கக் கம்பெனி சம்பளத்தை டாலரா குடுக்காம கம்பெனி டோக்கனா குடுக்கும், அது கம்பெனி கடையிலதான் செல்லும், விலை அவங்க வச்சது, அப்ப கடன் எப்படி தீரும். அப்ப இந்தப் பாட்டு பெருசா போகல. 1955ல டென்னசி எர்னி ஃபோர்டு கட்டைக்குரல்ல, விரல் சொடுக்கிக்கிட்டே, கிளாரினெட்டோட பாடினப்பதான் தீப்புடிச்சுது. சொடுக்கு, வேகம் எவ்ளோன்னு வாசிக்கறவங்களுக்குக் காட்ட அவர் போட்டது, அப்படியே தட்டுல விட்டுட்டாங்க.

1953ல கொரியா போர் சமயத்துல 'எ டியர் ஜான் லெட்டர்', ஜீன் ஷெப்பர்டும் ஃபெர்லின் ஹஸ்கியும். அவ பாடறா, அவன் லெட்டரைப் படிக்கறான், உன் தம்பியையே கட்டிக்கப் போறேன்னு எழுதியிருக்கா. கொஞ்சம் ஓவர்தான், நாடகம் ஜாஸ்தி. ஹிட் ஆனதும் ஊர் ஊரா கச்சேரி போகணும், ஷெப்பர்டுக்கு 21 வயசு ஆகல, மாநிலம் தாண்டிப் போறதுக்காக ஹஸ்கியை சட்டப்படி கார்டியன் ஆக்கினாங்க. மேடையில காதலன், பேப்பர்ல பாதுகாவலர்.

நம்ம பக்கம் இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னா, பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸ்ங்கற கன்ட்ரி பாடகர் வழியா. கொழும்புல நேச நாட்டுப் படைங்களுக்காக போர் சமயத்துல ஆரம்பிச்ச ரேடியோ சியாக், 1949ல இலங்கை அரசு கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆச்சு, நம்ம தாத்தா பாட்டி சினிமாப்பாட்டு கேட்டது அந்த பட்டாளத்து டிரான்ஸ்மிட்டர் புண்ணியத்துல. ஜிம் ரீவ்ஸ் இலங்கையிலயும் இந்தியாவுலயும் வீட்டுப்பேரு. பெரம்பூர்ல நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மாடியில ரயில்வேல ரிட்டயர் ஆன ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா ஜிம் ரீவ்ஸ்தான். நான் ஒருநாள் ஹாங்க் வில்லியம்ஸ் போடுங்க அங்கிள்னேன். "அந்தாளு குடிகாரன் மேன், ஜிம் ஜென்டில்மேன்"னாரு. அதுக்கு மேல பேச்சில்ல. ஜிம் ரீவ்ஸ் வெல்வெட் குரல்தான், ஒத்துக்கறேன், ஆனா எனக்கு டப்போட கரகரப்புதான் வேணும்.

ரெட் ஸ்டூவர்ட்டை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல. போர்லேருந்து திரும்பி பீ வீ கிங் பேண்டுல சேந்தார். 1946ல ரெண்டு பேரும் வண்டியில நாஷ்வில் போற வழியில ரேடியோல பில் மன்ரோவோட 'கென்டக்கி வால்ட்ஸ்' ஓடுது. கென்டக்கிக்கு பாட்டு இருக்கு டென்னசிக்கு இல்லையேன்னு, பேரே வைக்காம வாசிச்சுட்டு இருந்த தங்களோட ஒரு வால்ட்ஸ் (ஜோடியா ஆடற நடனம்) மெட்டுக்கு வத்திப்பெட்டி அட்டையைப் பிரிச்சு அதுல ஸ்டூவர்ட் வரி எழுதினார். 'டென்னசி வால்ட்ஸ்'. காதலனோட ஆடிட்டு இருக்கறப்ப பழைய சிநேகிதியை அறிமுகப்படுத்தி வைக்க, அவ அவனைக் கொண்டு போயிடறா, அவ்ளோதான் கதை. 1950ல பேட்டி பேஜ் பாடினது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு தட்டோட மறுபக்கமா வந்து, அந்த மறுபக்கம் லட்சக்கணக்குல வித்துச்சு. 1965ல டென்னசியோட மாநிலப் பாட்டே ஆயிடுச்சு. 1952ல ஜப்பான்ல சியேமி எரின்னு 15 வயசுப் பொண்ணு, அமெரிக்க ராணுவ கிளப்புங்கள்ல பாடி வளந்தவ, இதே பாட்டை பாதி ஜப்பானிய மொழி பாதி இங்கிலீஷ்ல பாடி அங்க பெரிய ஹிட். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வந்து 8 வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

புதுசா கேக்கறவங்க பேட்டி பேஜ்லேருந்து ஆரம்பிக்காதீங்க, அது ரொம்ப மெருகேத்தினது, அவங்க குரலே அவங்களுக்கு துணைக்குரலா ரெண்டு மடங்கு மூணு மடங்கா வரும். பீ வீ கிங்கோட 1947 பதிவு இருக்கு, அக்கார்டியன், ஃபிடிலோட, பாடறது ஸ்டூவர்ட்டே. அதைக் கேளுங்க. ஹெட்ஃபோன் வேண்டாம், மொபைல் ஸ்பீக்கர்லயே நல்லாருக்கும், ஜூக்பாக்ஸ்ல கேக்கறதுக்குன்னு பண்ணதுதானே.